ஈரம் வற்றாத மூலைக்கு ஜோ பை வீட்

கூரைத் தண்ணீர் குழாய் வழியாக வந்து விழுந்து, மழை விட்டு ரெண்டு நாள் ஆனாலும் சொதசொதவென்று கிடக்கும் மூலை உங்கள் தோட்டத்தில் இருக்கிறதா? மண் கொட்டி அதை மேடாக்க வேண்டாம். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலோ கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துத் தெற்கிலோ இருப்பவர்கள் அங்கே ஜோ பை வீட் வைக்கலாம். அந்தப் பக்கத்து ஓடைக்கரைகளில் தானாக வளரும் காட்டுச்செடி இது. ஆள் உயரத்தைத் தாண்டிப் போகும், கோடைக் கடைசியில் மங்கிய ரோஜா நிறத்தில் பெரிய பெரிய கொத்தாகப் பூக்கும், பூத்துவிட்டால் மொனார்க் பட்டாம்பூச்சியும் தேனீயும் விடாது.

வாங்கும்போது வகையைப் பாருங்கள், இங்கே சொல்வது அவற்றின் அறிவியல் பெயர்கள். யூட்ரோகியம் மாகுலாட்டம் நல்ல வெயிலும் நல்ல ஈரமும் கேட்கும், கடுங்குளிரையும் தாங்கும். யூட்ரோகியம் பர்ப்யூரியம் அரைநிழலிலும் வரும், அத்தனை ஈரம் வேண்டாம். யூட்ரோகியம் ஃபிஸ்டுலோசம் சில சமயம் 10 அடி கூடப் போகும், வேலி ஓரத்துக்குத்தான் சரி. இடம் சின்னது என்றால் 'லிட்டில் ஜோ' என்ற குட்டை ரகம் கிடைக்கிறது, அது 4 அடி அளவில் நின்றுவிடும்.

விதை போடுவதானால் இலையுதிர் காலத்திலேயே வெளியில் தூவிவிடுங்கள், குளிர் பட்டால்தான் நன்றாக முளைக்கும். இல்லையென்றால் ஈர மணலில் கலந்து ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஃபிரிட்ஜில் வைத்து எடுக்க வேண்டும். எப்படிப் போட்டாலும் மேலே மண் மூடாதீர்கள், வெளிச்சம் வேண்டும், லேசாக அழுத்தினால் போதும். நாற்றாக நட்டால் 2 அல்லது 3 அடி இடைவெளி விடுங்கள். முதல் வருடம் மேலே பெரிதாக ஒன்றும் தெரியாது, வேர் பிடிக்கிற காலம் அது, தண்ணீர் ஊற்றுவதை மட்டும் நிறுத்தக் கூடாது. மண் காய்ந்தால் இலை ஓரம் கருகிக் காட்டிக்கொடுத்துவிடும். உரம் அள்ளிப் போடாதீர்கள், தண்டு கொழுத்துச் சாயும்.

வசந்தத்தில் மற்றதெல்லாம் துளிர்த்த பிறகுதான் இது மெல்ல எட்டிப்பார்க்கும். செத்துப்போச்சு என்று அந்த இடத்தைக் கொத்தி வேறு எதையாவது நட்டுவிடுபவர்கள் நிறைய, அதனால் ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

உயரம் பயமாக இருந்தால் ஜூன் தொடக்கத்தில் பாதியாக வெட்டிவிடலாம். கிளைத்துக் குட்டையாக வரும், பூ கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். பூத்து முடிந்ததும் மட்டும் கத்தரிக்கோலை எடுக்க வேண்டாம். விதையைப் பறவைகள் தின்னும். வசந்தத்தில் வெட்டும்போதும் அடியில் ஒரு முழம் தண்டு விட்டு வையுங்கள், சில காட்டுத்தேனீக்கள் அந்தப் பொந்தில் முட்டையிடும். அப்புறம், சில வருடத்தில் தூர் பெருத்து நெருக்கியடித்தால், துளிர் வரும் சமயத்தில் கூர்மையான மண்வெட்டியால் பிளந்து வேறு இடத்தில் நடலாம். வேர்க்கட்டை கெட்டியாக இருக்கும், தோட்டக்கரண்டி வேலைக்கு ஆகாது.