தோட்டத்துச் சாளைக்குச் சோலார்: பேனலுக்கு ஏற்ற சார்ஜ் கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுக்கும் முறை

தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்ட வீட்டில், பேட்டரியுடன் சோலார் அமைப்பவர்களில் பலர், பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரை ஆம்பியர் கணக்கில் மட்டுமே கேட்டு வாங்குகிறார்கள். ஆனால் பேனலின் முழுத் திறனையும் பேட்டரிக்கு ஏற்ற வோல்ட்டுக்கு மாற்றித் தரும் எம்.பி.பி.டி. வகைக் கன்ட்ரோலரின் மீது வோல்ட், ஆம்பியர் என இரண்டு வரம்புகள் குறிக்கப்பட்டிருக்கும். பேனலின் திறன் ஆம்பியர் வரம்பைச் சற்று மிஞ்சினால், நல்ல கன்ட்ரோலர் தன் அளவோடு நிறுத்திக்கொள்ளும். மிச்ச மின்சாரம் வீணாகும், அவ்வளவுதான். வோல்ட் வரம்பை மிஞ்சினாலோ உள்ளிருக்கும் பாகங்கள் எரிந்துபோகும். ஆகவே கணக்கை வோல்ட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

பேனலின் முதுகில் ஒட்டியுள்ள அட்டையில் வி.ஓ.சி. என்று ஓர் எண் இருக்கும். எதனுடனும் இணைக்காமல் வெயிலில் வைத்த பேனல் தரும் மின்னழுத்தம் அது. பேனலின் செல்கள் 25 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது அளந்தது. வெயில் ஏறினால் வோல்ட்டும் ஏறும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் செல்கள் சூடாகச் சூடாக வோல்ட் குறையும், குளிரக் குளிரக் கூடும். சித்திரை வெயிலைவிட மார்கழிக் காலையில் விழும் முதல் வெயிலே கன்ட்ரோலருக்கு ஆபத்தானது.

இப்போது கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 540 வாட் பேனலை எடுத்துக்கொள்வோம். அதன் வி.ஓ.சி. ஏறத்தாழ 49.5 வோல்ட். இரண்டைத் தொடரிணைப்பில் சேர்த்தால் 99 வோல்ட் வரும். 100 வோல்ட் கன்ட்ரோலர் போதும் என்று தோன்றும். ஒரு டிகிரி குறைந்தால் 0.27 சதவீதம் கூடும் என்று வைத்தால், தாளவாடி மலையில் 15 டிகிரிக்கு இறங்கும் காலையில் அது 101.7 வோல்ட் ஆகிவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி உதகைப் பக்கம் பேனல் வைப்பவர்கள் 0 டிகிரிக்கே கணக்கிட வேண்டும். அங்கு 105 வோல்ட்டைத் தாண்டும். இந்த இணைப்புக்கு 150 வோல்ட் கன்ட்ரோலரே பொருந்தும். மூன்றாவது பேனலையும் அதே வரிசையில் சேர்த்தால், தாளவாடிக் குளிரிலேயே அந்த 150-ம் போதாது.

அடுத்தது ஆம்பியர். பேனல்களின் மொத்த வாட்டைப் பேட்டரித் தொகுதியின் வோல்ட்டால் வகுத்தால், கன்ட்ரோலர் தர வேண்டிய மின்னோட்டம் கிடைக்கும். இரண்டு பேனல்களின் 1080 வாட்டை 24 வோல்ட்டால் வகுத்தால் 45 ஆம்பியர். 12 வோல்ட்டால் வகுத்தால் 90 ஆம்பியர். அவ்வளவு ஆம்பியருக்குக் கன்ட்ரோலரின் விலையும் வயரின் தடிமனும் ஏறிவிடும் என்பதால், இந்த அளவுக்கு 24 வோல்ட் அமைப்பே நல்லது. பலர் கவனிக்காமல் விடுவது பேட்டரியின் தாங்குதிறனை. 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரிக்கு 15 முதல் 20 ஆம்பியர் வரை ஏற்றுவது தகும். அப்படிப்பட்ட இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்த சாளைக்கு ஒரே ஒரு 540 வாட் பேனலும், 100 வோல்ட், 30 ஆம்பியர் கன்ட்ரோலருமே போதுமானவை. கன்ட்ரோலரின் அமைப்பில் சார்ஜ் மின்னோட்டத்தை 20 ஆம்பியருக்குக் கட்டுப்படுத்திவிடலாம். பேட்டரியைக் கூட்டாமல் இரண்டாம் பேனலை வாங்குவது, பகலில் சுமை ஓடாத வீட்டில் வீண்செலவு என்பதே என் கருத்து.

விலை குறைந்த பி.டபிள்யூ.எம். வகைக் கன்ட்ரோலர், பேனலைப் பேட்டரியின் வோல்ட்டுக்கே இழுத்துவிடும். 13 ஆம்பியர் தரும் 540 வாட் பேனலை அதன் வழியே 12 வோல்ட் பேட்டரிக்குக் கொடுத்தால் ஏறக்குறைய 170 வாட்தான் சேரும். அதற்கு முன் பேனலின் வோல்ட்டை அந்தக் கன்ட்ரோலர் தாங்குமா என்பதே கேள்வி. காட்டுப்பன்றிக்காகப் போடும் சோலார் வேலி போன்றவற்றில் 36 செல் கொண்ட 100 வாட் பேனலும் 12 வோல்ட் பேட்டரியும் இருந்தால் பி.டபிள்யூ.எம். தாராளமாகப் போதும். அங்கே பேனல் அட்டையிலுள்ள ஐ.எஸ்.சி. என்ற எண்ணை, அதாவது பேனலின் இரு முனைகளையும் நேரடியாகச் சேர்த்தால் ஓடும் மின்னோட்டத்தை, 1.25-ஆல் பெருக்க வேண்டும். 6 ஆம்பியர் என்றால் 7.5 வரும், 10 ஆம்பியர் கன்ட்ரோலர் வாங்கலாம். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேகங்கள் விரையும்போது, மேகத்தின் விளிம்பிலிருந்து சூரியன் வெளிப்படும் சில நொடிகளில் மின்னோட்டம் அட்டையிலுள்ள அளவையும் தாண்டக்கூடும். அந்தக் கூடுதல் கால் பங்கு அதற்காகத்தான்.

பேனல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும் தொடரிணைப்பா, கூட்டலைக் கூட்டலோடும் கழித்தலைக் கழித்தலோடும் சேர்க்கும் பக்க இணைப்பா என்பதை இடம் தீர்மானிக்கும். காங்கேயம், தாராபுரம் பக்கத்து மேட்டாங்காட்டில் நிழல் குறைவு. கூரைக்கும் பேட்டரி அறைக்கும் தூரம் அதிகமானால், தொடரிணைப்பில் ஆம்பியர் பாதியாவதால் அதே வயரில் இழப்பு கால் பங்காகக் குறையும். பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் ஓலை நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் வரிசை முழுவதும் பாதிக்கப்படலாம் என்பதால் அங்கே பக்க இணைப்பு மேல்.

பொருத்தும்போது முதலில் பேட்டரியையும் பிறகு பேனலையும் இணைக்க வேண்டும். பிரிக்கும்போது பேனலை முதலில் கழற்ற வேண்டும். இடையில் வைக்கும் எம்.சி.பி. (மின்னோட்டம் மிஞ்சினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) டி.சி. வகையாகவே இருக்க வேண்டும், ஏனெனில் ஏ.சி. வகையால் நேர்மின்னோட்டத்தின் தீப்பொறியை அணைக்க முடியாமல் போகலாம். போர்வெல் மோட்டாருக்கான சோலார் பம்ப் கன்ட்ரோலர் பேட்டரி இல்லாத வேறு கருவி. அதன் பேனல் வரிசை பெரும்பாலும் நூற்றுக்கணக்கான வோல்ட் தரும் என்பதால், அதிலிருந்து சாளைக்கு ஒரு கிளை இழுக்கக் கூடாது.