மினி லாரியில் எவ்வளவு ஏற்றினால் வாரண்டி நிற்கும்?

ஆர்சி புத்தகத்தில் இரண்டு எண்களைப் பாருங்கள்: வெற்று எடை, மொத்த எடை. வெற்று எடை 840 கிலோ, மொத்த எடை 1,550 கிலோ என்றால், மிச்சம் 710 கிலோ. அது முழுவதும் சரக்குக்கு அல்ல. டிரைவர், கிளீனர், தார்ப்பாய், பிறகு கட்டிய இரும்புக் கூண்டு எல்லாம் இதிலிருந்தே கழியும். இருவர் 140, கூண்டு 90 என்றால் சரக்குக்கு 480 கிலோதான்.

எடை மேடையில் முதலில் முழு வண்டியையும், பிறகு பின்சக்கரங்களை மட்டும் நிறுத்தி எடை போடுங்கள். மொத்தம் சரியாக இருந்தும் பின் அச்சில் வரம்பு மீறுவது சகஜம். சரக்கைக் கேபின் பக்கம் நகர்த்தினால் குறையும்.

கூடுதல் ஸ்பிரிங் பட்டை போட்டாலும் அனுமதி எடை அதிகரிக்காது. பிரேக், அச்சு, டயர் எல்லாம் பழையவைதானே! வளைந்த அச்சு, உடைந்த பட்டை, கருகிய கிளட்ச் பிளேட் ஆகியவற்றில் பட்டறைக்காரர்கள் முதலில் தேடுவது அதிக பாரத்தின் தடயத்தைத்தான். கூடுதல் பட்டை இருந்தால் வாரண்டியை மறுப்பதற்கு வேறு காரணமே வேண்டாம். எடைச் சீட்டுகளைத் தேதிவாரியாகக் கோப்பில் வையுங்கள்.