பேசவேண்டியது பிள்ளையிடம்: ஃபார்ம் டி மாணவர்களுக்கு நான் கவுன்சிலிங் பழக்கும் விதம்

மருந்தாளுநர் படிப்பான ஃபார்ம் டி படிக்கும் மாணவர்களுக்கு வார்டிலும் ஓ.பி.யிலும் பேஷன்ட் கவுன்சிலிங், அதாவது நோயாளியிடம் மருந்தைப் பற்றிப் பேசி விளக்குவதை, சொல்லிக்கொடுப்பது என் வேலை. சர்க்கரை நோயோடு வரும் தாத்தாவிடம் பொறுமையாக, அழகாகப் பேசும் மாணவர்கள்கூட எதிரில் பதினைந்து வயதுப் பையன் உட்கார்ந்தால் தடுமாறிவிடுகிறார்கள். அவனுக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, மிச்ச நேரம் முழுக்க அவன் அம்மாவிடமே பேசுகிறார்கள். பாடம் தெரியாததல்ல காரணம். அம்மா பதில் சொல்கிறார், பையன் சொல்வதில்லை, அவ்வளவுதான். ஆனால் மருந்தை எடுப்பதும் எடுக்காமல் விடுவதும் அந்தப் பையன்தான். அதனால் என் பயிற்சி இங்கிருந்துதான் தொடங்கும்.

மூன்று நாற்காலி போடுங்கள். ஒரு மாணவர் மருந்தாளுநர், ஒருவர் பிள்ளை, ஒருவர் அம்மா. அம்மாவாக நடிப்பவரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்: எந்தக் கேள்வி வந்தாலும் முந்திக்கொண்டு பதில் சொல்லவேண்டும். பிள்ளையாக நடிப்பவர் முதல் சில கேள்விகளுக்கு ‘ம்’, ‘தெரியல’ தவிர வாய் திறக்கக் கூடாது. நான் அடிக்கடி கொடுக்கும் கேஸ் இது: கபடி ஆடும் பத்தாம் வகுப்புப் பையன், வீசிங். தினமும் காலை மாலை எடுக்க புடெசொனைடு இன்ஹேலர், மூச்சு இறுகும்போது எடுக்க சால்பியூட்டமால். புடெசொனைடை அவன் நிறுத்திவிட்டான். ‘பழகிட்டா விடவே முடியாது’ என்று பக்கத்து வீட்டில் யாரோ சொன்னதுதான் காரணம். அது அம்மாவுக்குத் தெரியாது. மருந்தாளுநராக நடிப்பவர் இதை வெளியே கொண்டுவர வேண்டும்.

அம்மாவை வெட்டிப் பேசினால் காரியம் கெட்டுவிடும். “நீங்க சொன்னதைக் குறிச்சுக்கிட்டேன்மா. தம்பி சொல்றதையும் கேட்டுக்கிறேன்” என்று சொல்லி, நாற்காலியைப் பையன் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். கேள்வியைக் கேட்டபின் மனதுக்குள் ஐந்து வரை எண்ணவேண்டும். இந்த ஐந்து எண்ணிக்கைதான் மாணவர்களுக்கு மிகக் கஷ்டமான பாடம். மௌனத்தைத் தாங்கமுடியாமல் அறிவுரையைக் கொட்டி நிரப்பிவிடுவார்கள். எத்தனை முறை ஆனாலும் நிறுத்தி, மறுபடி செய்ய வையுங்கள்.

‘பாப்பா’, ‘குட்டி’ எல்லாம் வேண்டாம். பெயர் சொல்லி ‘நீங்க’ போட்டுப் பேசட்டும். ‘நீன்னே கூப்பிடுங்கக்கா’ என்று பிள்ளையே சொன்னால் மாற்றிக்கொள்ளலாம்.

கேட்கவேண்டிய கேள்விகளுக்கு அமெரிக்காவின் இந்தியன் ஹெல்த் சர்வீஸ் உருவாக்கிய மூன்று கேள்விகள் நல்ல அடிப்படை. டாக்டர் இது எதுக்குன்னு சொன்னாங்க? எப்படி எடுக்கச் சொன்னாங்க? எடுத்தா என்ன ஆகும்னு சொன்னாங்க? பதின்வயதினருக்கு நான் இன்னொன்று சேர்ப்பேன்: “இந்த மருந்துல உங்களுக்குப் பிடிக்காதது என்ன?” ருசி, ஸ்கூலில் எல்லார் முன்னாலும் எடுக்கிற கூச்சம், எடை கூடும் பயம் எல்லாம் இதில்தான் வெளிவரும். “ஒழுங்கா எடுக்கறீங்களா?” என்று கேட்பதைத் தடை செய்துவிடுங்கள். அதற்கு ‘ஆமா’ தவிர வேறு பதில் வராது. “வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போகுது? எல்லாருக்கும் விட்டுப்போறதுதான்” என்று கேட்டால் உண்மை வரும்.

அடுத்தது செய்துகாட்டுவது. மருந்தில்லாத பயிற்சி இன்ஹேலரைப் பையன் கையில் கொடுத்து, முதலில் அவன் எப்படி எடுக்கிறான் என்று பார்க்கவேண்டும். பிறகு படிப்படியாக: நன்றாகக் குலுக்கு, மூச்சை முழுக்க வெளியே விடு, உதட்டால் இறுகப் பிடி, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்து, இழுத்துக்கொண்டே போ, பத்து நொடி அடக்கு. இரண்டாவது பஃப்புக்கு முன் அரை நிமிடமாவது இடைவெளி. புடெசொனைடு ஸ்டீராய்டு என்பதால் முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்பவேண்டும், இல்லையென்றால் வாயில் வெள்ளை படரும். அழுத்துவதையும் இழுப்பதையும் சேர்த்துச் செய்ய வராதவனுக்கு ஸ்பேசர், அதாவது இன்ஹேலரில் மாட்டும் குழாய். கடைசியில், “நான் சரியா சொல்லிக்கொடுத்தேனான்னு பார்க்கணும், ஒருதடவை செஞ்சு காட்டுங்க.” மாணவர் விளக்கியதற்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. பிள்ளை திரும்பச் செய்துகாட்டியதற்குத்தான் மதிப்பெண்.

தனியாகப் பேசும் நேரத்தையும் பழக்குங்கள். “எல்லாப் பிள்ளைங்ககிட்டயும் ரெண்டு நிமிஷம் தனியா பேசறது எங்க வழக்கம்மா” என்று இயல்பாகச் சொல்லவேண்டும். கதவு திறந்திருக்கட்டும். பெண்பிள்ளையிடம் பேசுவது ஆண் மாணவர் என்றால் பக்கத்தில் ஸ்டாஃப் நர்ஸ் இருக்கட்டும். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் வாங்க வரும் பெண்ணுக்கு இது அவசியம். கருவில் இருக்கும் குழந்தைக்குக் கடுமையான ஊனத்தை உண்டாக்கும் மருந்து அது. எடுக்கும் காலத்திலும் நிறுத்தியபின் ஒரு மாதம் வரையிலும் கர்ப்பம் கூடாது. அந்தப் பெண்ணைக் குறுக்கு விசாரணை செய்யக் கூடாது. “இதை எடுக்கற எல்லாப் பெண்களுக்கும் நாங்க சொல்றது” என்று தொடங்கினால் அவள் தலை குனிய வேண்டியிருக்காது. ஃப்ரெண்டுக்கும் பரு என்று அட்டையிலிருந்து இரண்டு மாத்திரை பிய்த்துக் கொடுக்கக் கூடாது என்பதையும் கட்டாயம் சொல்லவேண்டும். இந்த வயதில் அது சாதாரணமாக நடக்கும்.

‘யார்கிட்டயும் சொல்லமாட்டேன்’ என்று ஒரு மாணவரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. “நீங்க சொல்றது நமக்குள்ள இருக்கும். உங்க உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்துன்னா மட்டும் பெரியவங்ககிட்ட சொல்லியே ஆகணும்.” பேச்சின் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் 2012-ன் போக்சோ சட்டப்படி புகார் கொடுப்பது கட்டாயம். மாணவர் அங்கே துருவிக் கேட்கக் கூடாது. உடனே பொறுப்பாசிரியரிடமும் டாக்டரிடமும் வரவேண்டும். சாகவேண்டும் என்று ஒரு பிள்ளை சொன்னால், டாக்டர் வரும்வரை தனியே விடாமல் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டுக்குப் போகும்போது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் குடும்பத்திடம் எழுதிக் கொடுக்கவேண்டும்.

இதெல்லாம் கைவந்தபின் நிஜமான ப்ளஸ் ஒன் பிள்ளைகளை, பள்ளியிலும் பெற்றோரிடமும் அனுமதி வாங்கி, கற்பனைக் கேஸ்களில் நடிக்கக் கூப்பிடுங்கள். சொந்த நோயைப் பற்றி அவர்களிடம் எதுவும் கேட்கவேண்டாம். முடிந்ததும் நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன் அவர்களைப் பேசவிடுங்கள். ‘அந்த அக்கா பேப்பரைப் பார்த்தே பேசினாங்க’, ‘அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்டாரு, அதான் சொன்னேன்’ என்று நேராகச் சொல்லிவிடுவார்கள். நான் மாணவருக்குப் போடும் குறிப்பில் முதல் வரியாக அதைத்தான் எழுதுகிறேன்.