டிஸ்க் கால்ஃப் வீச்சின் சுழற்சியை அளக்க ஒரு சின்ன சர்க்யூட்

டிஸ்க் கால்ஃபில் (பிளாஸ்டிக் தட்டைக் கூடையை நோக்கி வீசும் விளையாட்டு) டிஸ்க் நேராகப் போகிறதா, பாதியில் கவிழ்கிறதா என்பதில் சுழற்சிக்குப் பெரிய பங்கு உண்டு. நன்றாக வீசுபவர் கையில் அது நிமிடத்துக்கு 1000 சுற்றைத் தாண்டும். கண்ணால் எண்ண முடியாது.

தேவை: வைஃபை உள்ள சின்ன கட்டுப்பாட்டு போர்டான இஎஸ்பி32-சி3 (அதில் நான் எடுப்பது சியாவோ என்ற மாடல், பேட்டரி சார்ஜிங் அதிலேயே இருக்கிறது), சென்சார், சின்ன லித்தியம் பேட்டரி, பழைய டிஸ்க். ஆர்டுயினோவில் லைப்ரரி ஏற்றத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. சென்சார். மலிவாகக் கிடைக்கும் எம்பியு-6050 வேண்டவே வேண்டாம். அதன் கைரோ (சுழலும் வேகத்தை அளக்கும் பகுதி) நொடிக்கு 2000 டிகிரியோடு நின்றுவிடும்; அதாவது நிமிடத்துக்கு 333 சுற்று. 1200 சுற்றுக்கு 7200 டிகிரி வேண்டும். மெதுவாக வீசினாலும் வேகமாக வீசினாலும் ஒரே எண் வரும், நாம் புரோகிராமில் பிழை தேடிக்கொண்டிருப்போம். கைரோவை மறந்துவிட்டு, 400 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 400 மடங்கு) வரை அளக்கும் எச்3எல்ஐஎஸ்331டிஎல் முடுக்கமானியை 100 ஜி அளவில் வைத்து, மையத்திலிருந்து 2 செ.மீ. தள்ளி ஒட்டுங்கள். முடுக்கம் = ஆரம் × கோணவேகத்தின் வர்க்கம். 1200 சுற்றில் சுமார் 32 ஜி வரும்.

2. ஒட்டுவது. சென்சாருக்கு எதிர்ப்பக்கம் பேட்டரி. விரல் நுனியில் டிஸ்க்கை நிறுத்திப் பாருங்கள், சாயக்கூடாது. ஹாட் க்ளூ, மேலே துணி டேப். ஃபோம் டேப் வளைந்துகொடுக்கும், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

3. பதிவு. அசையாமல் வைத்தால் வரும் எண்ணை முதலில் கழித்துவிடுங்கள். நொடிக்கு 1000 முறை படித்து மெமரியிலேயே வைத்துக்கொண்டு, டிஸ்க் பயிற்சி வலையில் விழுந்த பிறகு வைஃபையில் அனுப்பட்டும். வலை 4 மீட்டர் தள்ளி இருந்தால் போதும்.

4. கிராஃப். கை இழுக்கும்போது ஒரு கூர்மையான ஏற்றம், அப்புறம் சமதளம். சமதளத்தை மட்டும் எடுங்கள். ஏற்றத்தில் கையின் வேகமும் கலந்திருக்கும். எக்ஸ், ஒய் அச்சுகள் சுழற்சிக்கு. இசட் அச்சில் அலை அடித்தால் டிஸ்க் தள்ளாடுகிறது. பிடியை மட்டும் மாற்றி வீசி, அந்த அலை அடங்குகிறதா என்று பாருங்கள்.

பின்சேர்க்கை: "2 செ.மீ. சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். டிஸ்க்கில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, போனில் 240 பிரேம் ஸ்லோமோஷன் எடுங்கள். ஒரு சுற்றுக்கு 12 பிரேம் என்றால் 1200 சுற்று. சென்சார் வேறு எண் காட்டினால் புரோகிராமில் ஆரத்தைத் திருத்துங்கள். மூக்குக் கோணமும் (டிஸ்க்கின் முன்விளிம்பு மேலே கீழே சாய்ந்திருக்கும் அளவு) வேண்டுமென்றால் இதோடு மல்லுக்கட்டாமல், சென்சார் பொருத்தியே விற்கும் டெக்டிஸ்க் வாங்கிவிடலாம்.