செக் எஞ்சின் விளக்கும் பெட்ரோல் ஆவிக் கசிவும்

பெட்ரோல் டேங்கில் எழும் ஆவி வெளியேறிவிடாதபடி கேனிஸ்டர் என்னும் கரி நிரம்பிய டப்பா அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. எஞ்சின் ஓடும்போது பர்ஜ் வால்வு திறக்க, அந்த ஆவி எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு எரிந்துவிடுகிறது. அப்போது கேனிஸ்டருக்குள் வெளிக்காற்றை விடுவது வென்ட் வால்வின் வேலை. பெரும்பாலான கார்களில், சோதனையின்போது கணினி இரண்டு வால்வுகளையும் மூடி, உள்ளழுத்தம் மாறாமல் நிற்கிறதா என்று பார்க்கும். நிற்கவில்லை என்றால் டாஷ்போர்டில் செக் எஞ்சின் விளக்கு எரியும்.

கணினியில் பதிவான பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரில் பி0455 என்று வந்தால் கசிவு பெரிது. பி0442 என்றால் சிறிது. பி0456 என்றால் அரை மில்லிமீட்டர் துளைக்கு ஈடான மிக நுண்ணிய கசிவு. இந்தக் குறியீடுகள் கசிவின் அளவைத்தான் சொல்கின்றனவே தவிர, எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை. ஆகவே குறியீட்டைப் பார்த்ததுமே கேனிஸ்டரை மாற்றுவது வீண்செலவு.

முதலில் டேங்க் மூடியின் ரப்பர் வளையத்தில் வெடிப்போ அழுக்கோ உள்ளதா என்று பார்த்து, 'க்ளிக்' என்று சத்தம் வரும்வரை திருகி மூட வேண்டும். மூடி அமரும் விளிம்பில் துரு ஏறியிருந்தால் புது மூடியும் பயன்தராது.

அடுத்து பர்ஜ் வால்வு. பெட்ரோல் போட்டவுடன் வண்டி ஸ்டார்ட் ஆகத் திணறினால் என் சந்தேகம் முதலில் இதன்மேல்தான் விழும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஐடிலில் ஓடவிட்டு, கேனிஸ்டரிலிருந்து வரும் ஹோஸை வால்விலிருந்து கழற்றி, வால்வில் ஹோஸ் இருந்த துளையில் விரலை வைத்துப் பாருங்கள். மின்சாரம் வராதபோது மூடியே இருக்க வேண்டிய வால்வு இது. கணினி இன்னும் அதைத் திறக்கச் சொல்லாத அந்நேரத்திலேயே விரலை உறிஞ்சி இழுத்தால், வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது என்று பொருள். வென்ட் வால்வு இதற்கு நேர்மாறானது: மின்சாரம் இல்லாதபோது திறந்திருக்கும். வண்டிக்கு அடியில் சேறும் தூசியும் படும் இடத்தில் இருப்பதால், சிலந்திக்கூடு கட்டிக்கூட அது அடைபடுவதுண்டு. பெட்ரோல் போடும்போது பம்ப் அடிக்கடி தானாக நின்றுபோவது இதற்கு அறிகுறி.

இவை எல்லாம் சரியாக இருந்தும் விளக்கு மீண்டும் எரிந்தால், புகைச் சோதனைதான் வழி. ஸ்கேனர் மூலம் வென்ட் வால்வை மூடச் செய்து, அதற்கென்றே உள்ள கருவியால் சுமார் அரை பிஎஸ்ஐ அழுத்தத்தில் புகையைச் செலுத்தி, ஹோஸ் வளைவுகளிலும் கேனிஸ்டர் இணைப்புகளிலும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை இங்கே இணைப்பது டேங்கையே சேதப்படுத்தும். அருகில் தீப்பொறிக்கு இடமே கூடாது.

பழுது நீங்கியபின் குறியீட்டை அழித்தாலும், டேங்க் ததும்ப நிறைந்திருந்தாலோ ஏறக்குறைய காலியாக இருந்தாலோ கணினி தன் சோதனையைத் தொடங்காது. பாதியளவு பெட்ரோலுடன், இரவு முழுதும் ஆறிய எஞ்சினைக் காலையில் ஸ்டார்ட் செய்து, சில நாள் ஓட்டிய பிறகே முடிவு தெரியும். பம்ப் தானாக நின்றபின்னும் விளிம்புவரை நிரப்பும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். திரவப் பெட்ரோல் புகுந்து ஊறிய கரியால் ஆவியைப் பிடிக்க முடியாது, அப்போது கேனிஸ்டரை மாற்றுவது உண்மையிலேயே தேவைப்படும்.