மாலை உருட்டியும் படபடப்பு போகவில்லையா?

மனஉளைச்சலுக்காக ஜபம் தொடங்குகிறவர்களுக்கு ஆசனம், திசை, உச்சரிப்பு பற்றி ஊரே சொல்லித்தரும். அவை போகப்போகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவை இவை.

எண்ணிக்கையைத் துரத்துவது

பார்க்கும்போதெல்லாம் ஆதங்கமாக இருக்கிறது. ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் 108 மணியையும் ஐந்து நிமிடத்தில் உருட்டிவிட்டு, "ஜபம் பண்ணியும் நெஞ்சு அடிச்சுக்குதே" என்கிறார்கள். கணக்குப் போடுங்கள்: ஒரு மந்திரத்துக்கு மூன்று விநாடிகூட இல்லை. இரண்டு 'ஓம் நமசிவாய'வுக்கு நடுவே வாயால் வெடுக்கென்று காற்றை இழுக்கிறார்கள். தோள் ஏறி இறங்குகிறது. பயந்தவனின் மூச்சும் இதேதான். பிறகு உடம்பு எப்படி அடங்கும்?

2001-இல் இத்தாலிய மருத்துவர் லூச்சியானோ பெர்னார்டியின் குழு 23 பேரிடம் சோதித்தது. லத்தீனில் ஜெபமாலை சொன்னாலும் 'ஓம் மணி பத்மே ஹூம்' சொன்னாலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது; இரத்த அழுத்தத்தைச் சமன்படுத்தும் அனிச்சைச் செயலும் மேம்பட்டது.

ஆறு மூச்சு என்றால் ஒன்றுக்குப் பத்து விநாடி. நான்கு விநாடி மூக்கால் இழுங்கள். ஆறு விநாடி வெளியே விடும்போது மந்திரம். அது முடிந்தபின்தான் மணி நகர வேண்டும். இந்த வேகத்தில் 108-க்கு 18 நிமிடம் ஆகும். நேரமில்லையா, 27 போதும், நாலரை நிமிடம். தலை சுற்றினால் அளவுக்கு மீறி ஆழமாக இழுக்கிறீர்கள். இயல்பான மூச்சுக்குத் திரும்புங்கள். மாலையின் தலைமணியான மேருமணியைத் தாண்டாமல் மாலையைத் திருப்புவது மரபு. அங்கே மந்திரமில்லாமல் ஒரு மூச்சு விடுங்கள்.

செல்போனில் எண்ணுவது

வேண்டாம். பத்தாவது மந்திரத்தில் வாட்ஸ்அப் எட்டிப் பார்க்கும்.

"என்ன பாவம் செய்தேனோ"

பக்தி எப்போதும் ஆறுதலாகவே இருக்கும் என்பதில்லை. உளவியலாளர் கென்னத் பார்கமெண்ட் குழுவின் 2001 ஆய்வில், 'கடவுள் என்னைக் கைவிட்டாரோ' என்று உள்ளுக்குள் போராடிய முதிய நோயாளிகளிடம் இறப்பு அபாயம் கூடுதலாக இருந்தது. மந்திரத்துக்கு அடியில் அந்தக் கேள்வியே ஓடினால் மாலையை வைத்துவிட்டு, நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மாத்திரையை நிறுத்துவது

விரதம் தொடங்கியதும் மனநல மாத்திரையைத் தாங்களே விட்டுவிடுகிறார்கள். சில மருந்துகளைச் சட்டென்று நிறுத்தினால் தூக்கம் கெடும், தலை சுற்றும், எரிச்சல் வரும். அதை 'சாமி சோதிக்கிறார்' என்று பொறுத்துக்கொள்கிறார்கள். அளவை மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால் அந்த நிமிடமே 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவிச் சேவை) எண்ணை அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.