பிரசென்டேஷனில் குரல் நடுங்குகிறதா? ஸ்லைடுக்கு முன்பே நடக்கும் தவறுகள்

பெங்களூருக்கு வேலைக்கு வந்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளில் கெட்டிக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. இரவெல்லாம் உட்கார்ந்து சிக்கலான புரோகிராமைச் சரிசெய்துவிடுவார்கள். ஆனால், ‘புதன்கிழமை கிளையன்ட் முன்னால நீங்கதான் பேசணும்’ என்று மேனேஜர் சொல்லிவிட்டால் தூக்கம் போய்விடும். காரணம் கேட்டால், ‘எனக்கு இங்கிலீஷ் சரளமா வராதுங்க’ என்பார்கள். பயத்துக்கு ஆங்கிலம் மட்டும்தான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. பலருக்கும் தயாரிப்பே தவறான இடத்தில் தொடங்குகிறது.

செய்தி கிடைத்ததும் லேப்டாப்பைத் திறந்து, போன முறை யாரோ செய்த பிரசென்டேஷனை எடுத்துப் பெயரையும் தேதியையும் மாற்ற ஆரம்பிப்பதுதான் முதல் தவறு. அதற்கு முன் ஒரு தாளில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: இந்த மீட்டிங் முடியும்போது, எதிரில் இருப்பவர் எதற்குச் சம்மதிக்க வேண்டும்? ‘பழைய சர்வரை ஜூன் மாதத்துக்குள் மாற்ற 40 லட்சம் ரூபாய் ஒதுக்க வேண்டும்’ என்பது போலத் தெளிவாக இருக்கட்டும். அந்த வாக்கியம் வரவில்லை என்றால், பேச வேண்டிய விஷயமே உங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. மேடையில் வரும் நடுக்கத்தில் பாதி அங்கிருந்து வருவதுதான்.

அடுத்தது, முக்கியமான செய்தியை ஸ்லைடின் அடியில் புதைப்பது. 2003 ஜனவரியில் கொலம்பியா விண்வெளி ஓடம் புறப்பட்டபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து நுரைத்துண்டு ஒன்று பெயர்ந்து அதன் இறக்கையில் மோதியது. ஓடம் விண்ணில் இருக்கும்போதே பொறியாளர்கள் நாசாவுக்கு ஒரு விளக்கம் தந்தார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு நிலைமை பாதுகாப்பானது என்ற எண்ணத்தைத் தந்தது. அதே ஸ்லைடின் கடைசி வரியில்தான், பழைய சோதனைகளில் பயன்படுத்திய நுரையின் அளவு 3 கன அங்குலம், இப்போது மோதியிருப்பதோ 1920 கன அங்குலம் என்ற விவரம் இருந்தது. அதாவது 640 மடங்கு. பிப்ரவரி 1-ஆம் தேதி ஓடம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் உயிரிழந்தார்கள். விபத்துக்கு அந்த ஸ்லைடுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் விசாரணை வாரியம் தன் அறிக்கையில் அதைத் தனியாக எடுத்துக் குறை சொன்னது. நம் ஆபீஸ் மீட்டிங்கில் உயிர் போகாது. இருந்தாலும் ‘ப்ராஜெக்ட் நிலவரம்’ என்று தலைப்பு வைத்துவிட்டு, மூன்று வாரம் தாமதம் என்பதை ஆறாவது புள்ளியில் எழுதினால் யார் கண்ணில் படும்? ‘ப்ராஜெக்ட் மூன்று வாரம் தாமதம், இன்னும் இரண்டு பேர் வேண்டும்’ என்பதையே தலைப்பாக்குங்கள். கெட்ட செய்தியை நீங்களே முதலில் சொல்லிவிட்டால், அது எப்போது வெளியே வருமோ என்ற பதற்றமும் இருக்காது.

இப்போது ஆங்கிலத்துக்கு வருவோம். நம்மவர்கள் பெரும்பாலும் செய்வது மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் கட்டுரையை ஒப்பித்துப் பழகிய பழக்கம் அது. ஒரு சொல் மறந்தால் அடுத்த வரி வராது. நடுவில் யாராவது கேள்வி கேட்டால் மறுபடி எங்கே தொடங்குவது என்று தெரியாது. போதாததற்கு, சீக்கிரம் ஒப்பித்து முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் வேகமும் கூடிவிடும்.

இதற்குப் பதிலாக, முதலில் முழு விஷயத்தையும் தமிழில் சொல்லிப் பாருங்கள். பேயிங் கெஸ்ட் விடுதியில் உங்களோடு தங்கியிருக்கிற, வேறு வேலை பார்க்கிற ஒருவரிடம் சொல்லுங்கள். ‘அப்ப ஏன் போன வருஷமே மாத்தல?’ என்று அவர் கேட்டால், அதையேதான் கிளையன்ட்டும் கேட்பார். தமிழில் தடையில்லாமல் வந்த பிறகு, அதே விஷயத்தைச் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் சொல்லுங்கள். எழுதி வைக்காமல், எழுந்து நின்று, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது பயிற்சியில் சேராது. மனப்பாடமாக வேண்டியவை இரண்டுதான்: தொடங்கும் இரண்டு வரிகளும், கடைசியில் நீங்கள் கேட்கப்போவதும். உச்சரிப்பை அமெரிக்கர் மாதிரி மாற்றிக்கொள்ளத் தேவையே இல்லை. நிதானமாகப் பேசினால் நம் உச்சரிப்பு எல்லாருக்கும் புரியும்.

எண்களில் ஒரு கண் இருக்கட்டும். வெளிநாட்டவரிடம் லட்சம், கோடி என்றால் பிடிபடாது. 10 லட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி 10 மில்லியன் என்று முன்கூட்டியே மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். பேசும்போது மனக்கணக்குப் போட்டால்தான் சைபர் தவறும்.

இந்த ஊரில் மட்டும் அதிகம் பார்க்கிற ஒரு தவறும் உண்டு. கிளையன்ட் கேள்வி கேட்டதும், டீமில் இருக்கும் இரண்டு தமிழர்கள் ஒருவரையொருவர் பார்த்து, ‘டேய், அந்த டேட்டா உன்கிட்ட இருக்கா?’ என்று தமிழில் பேசிக்கொள்வார்கள். அறையில் கன்னடக்காரர், தெலுங்குக்காரர், வடக்கிலிருந்து வந்தவர் என்று எல்லாரும் இருக்கும்போது, எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் மற்றவர்களுக்குத் தோன்றும். எந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்வது என்பதை முந்தின நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பதில் தெரியாவிட்டால், ‘பார்த்துவிட்டு நாளை மாலைக்குள் மெயில் அனுப்புகிறேன்’ என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லி, சொன்னபடி அனுப்பிவிடுங்கள். குத்துமதிப்பாக ஒரு எண்ணைச் சொல்லி மாட்டிக்கொள்வதைவிட இது மரியாதை.

கருவி விஷயம் சின்னதுதான். பிடிஎஃப் பிரதி ஒன்று கையில் இருக்கட்டும். வேறு கணினியில் எழுத்துரு சிதறினால் கைகொடுக்கும். பவர்பாயின்ட் ஓடும்போது பி (B) விசையை அழுத்தினால் திரை கருப்பாகி, எல்லாரும் உங்களைப் பார்ப்பார்கள். ஸ்லைடு எண்ணை அடித்து என்டர் தட்டினால் நேராக அங்கே போகலாம். இன்னொரு கேம்பஸில் மீட்டிங் என்றால், அவுட்டர் ரிங் ரோடு டிராஃபிக்கை நம்பி கடைசி நேரத்தில் கிளம்பாதீர்கள். மூச்சு வாங்க உள்ளே நுழைந்தால் குரல் நிலைக்கு வரவே நேரமாகும்.

கடைசி ஸ்லைடில் ‘தேங்க் யூ’ என்று பெரிதாகப் போட்டு, கேள்வி நேரம் முழுக்க அதையே திரையில் விட்டுவைக்கிறார்கள். நன்றியை வாயால் சொல்லிக்கொள்ளலாம். அந்த நேரத்தில் திரையில் இருக்க வேண்டியது நீங்கள் கேட்டது எது, எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்ற மூன்று வரிகள்தான்.